ஒன்பது எண்களும் ஒரு மயிரிழையும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் என் மகன் சென்ற விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு நாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது அருகில் வந்து நின்று, என் கையிலிருந்த கருவியின் கழுத்தில் பொறித்திருந்த எண்களைப் பார்த்தான். ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். "அப்பா, மூணுல வச்சிருக்கீங்களே, மூணுன்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நான்காம் ஆண்டு மாணவர்க்கு நீட்டலளவை கற்பிக்கும்போது, அலகு எழுதாத விடைக்குத் தயங்காமல் அரைப் புள்ளி குறைப்பவன் நான். அப்படிப்பட்டவன் ஏழு மாதமாக அலகே இல்லாத ஓர் எண்ணை நம்பிக் கன்னத்தில் கத்தி வைத்து வந்திருக்கிறேன்!

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. இக்கருவிகளைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். பட்டணத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் பீலர் கேஜ் இரவல் வாங்கிவந்து அளந்தும் பார்த்தேன். அது வெவ்வேறு கனமுள்ள மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறிபோல் ஒன்றாகக் கோத்த ஓர் அளவி. எந்தத் தகடு சந்தில் நுழைகிறதோ அதுவே சந்தின் அளவு. அவ்வாறு அறிந்தவற்றை ஆசிரிய அன்பர்களுக்கும் வாசகர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சவரக் கருவி அற்பப் பொருள்தானே என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். நாம் கரும்பலகையில் எழுதி அழிக்கும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இங்கே இரத்தம் வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது.

தகடு கத்தியான கதை

முன்னாளில் சவரம் என்றால் நாவிதர் கையிலிருந்த மடக்குக் கத்திதான். கத்தியை எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதையெல்லாம் அவருடைய விரல்கள் அறிந்திருந்தன. அந்தக் கைத்திறன் இல்லாதவனும் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள வேண்டுமானால், விரல்கள் செய்த வேலையை உலோகம் செய்தாக வேண்டும். 1880இல் நியூயார்க்கில் காம்ப்பி சகோதரர்கள் காப்புரிமை பெற்ற கருவியில் கத்தியின் விளிம்புக்கு முன்னே ஒரு காப்பு அமைந்திருந்தது. ஆயினும் அதன் கத்தி கனமானது. அதை அடிக்கடி கழற்றித் தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது.

பின்னர் வந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். புட்டிகளுக்குத் தகர மூடி செய்யும் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். ஒரு தடவை பயன்படுத்தியபின் எறிந்துவிடும்படியான பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி என்று, அந்த மூடியை உருவாக்கிய வில்லியம் பெயின்ட்டர் அவருக்கு அறிவுரை கூறினாராம். 1895இல் ஜில்லெட்டுக்கு எண்ணம் உதித்தது: இரு விளிம்பிலும் கூரான மெல்லிய எஃகுத் தகடு, மழுங்கினால் எறிந்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்று எஃகு அறிந்தவர்கள் கையை விரித்தார்கள். அதை முடியும் என்று காட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். தகட்டுக்குப் பதம் போடவும் அதைத் தீட்டவும் தனிப் பொறிகளை அவர் உருவாக்கினார். 1901இல் நிறுவனம் தொடங்கிற்று. 1903இல் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே! 1904 நவம்பர் 15ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் வளர்ந்த வளர்ச்சியை நாம் அறிவோம்.

முதல் பிளேடின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதாவது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். இன்றைய பிளேடு இன்னும் மெல்லியது; 0.1 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய தகடு, மயிரின்மேல் பட்டதும் துவளாதா என்று கேட்கலாம். துவளத்தான் செய்யும். அதனால்தான் ஜில்லெட் அதை வளைத்தார். வகுப்பில் ஒரு தாளை எடுத்து ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள்; மறுமுனை தொங்கிவிடும். அதே தாளைக் கூரை ஓடுபோல் நீளவாக்கில் சற்று வளைத்துப் பிடியுங்கள், விறைத்து நிற்கும். பிளேடும் அப்படியே. மேல்மூடியின் வளைந்த அடிப்பக்கத்துக்கும் கீழுள்ள அடித்தட்டுக்கும் இடையே அது வளைத்து இறுக்கப்படும்போதுதான் அதன் விளிம்பு நேராகவும் உறுதியாகவும் நிற்கிறது. இந்த வளைவை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும் தொல்லைகளிற் பாதி இதிலிருந்து பிறப்பவை.

அந்த முதற்கருவியிலேயே மழிப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி இருந்தது. கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் பிளேடின் வளைவு குறையும், விளிம்பு காப்பைவிட்டு விலகும், மழிப்பு ஆழமாகும். ஆனால் கைப்பிடி தளர்ந்தால் பிளேடின் பிடியும் தளர்ந்துவிடுகிறது. பிடி தளர்ந்த பிளேடு மயிரில் பட்டதும் அதிரும். அதிர்ந்தால் தோலைச் சீவும். இடைவெளியைக் கூட்டவும் வேண்டும், பிடி தளரவும் கூடாது. எண் வைத்த கருவிகள் அனைத்தும் தீர்க்க முயன்ற சிக்கல் இதுதான்.

இடைவெளி என்பது என்ன?

பிளேடின் கூர்விளிம்புக்கும் அதன் கீழே ஓடும் காப்புச் சட்டத்துக்கும் இடையேயுள்ள தொலைவையே இடைவெளி என்கிறோம். மென்மையான கருவிகளில் இது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கடுமையானவற்றில் ஒரு மில்லிமீட்டரை எட்டும், சிலவற்றில் தாண்டும். இடைவெளி சிறிதானால் தோல் உள்ளே புடைத்து நுழைய இடமில்லை, காயம் குறைவு. ஆனால் நாலு நாள் தாடியும் அதில் நுழையாது. சோப்பும் மயிரும் அடைத்துக்கொள்ளும். இடைவெளி பெரிதானால் மழிப்பு விரைவு. கை தவறினால் விலை கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். பட்டையைச் சீவும்போது ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் மிகுந்து உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நடுவே விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் மரத்துக்கு மரம் அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் கையாலேயே காத்தார். வெட்டுக்கத்தியில் எண் எதுவும் பொறித்திருக்கவில்லை.

சவரக் கருவியில் இடைவெளி மட்டும் இருந்தால் கணக்கு எளிது. இன்னொன்றும் உண்டு. மேல்மூடியின் ஓரத்தையும் காப்புச் சட்டத்தின் ஓரத்தையும் தொடுமாறு ஓர் அடிகோலை வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் தோல் படியும் தளம் அதுவே. பிளேடின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு உள்ளே ஒடுங்கியிருக்கலாம், கோட்டின்மேலேயே இருக்கலாம், வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கலாம். வெளியே நீண்டால் மழிப்பு கடுமை. உள்ளே ஒடுங்கினால் மென்மை. இடைவெளி ஒன்றாகவே இருக்கும் இரு கருவிகள் முகத்தில் வெவ்வேறாக நடந்துகொள்வதற்குக் காரணம் இந்த நீட்சிதான். இனி, இடைவெளியைக் கூட்டக் காப்புச் சட்டத்தைக் கீழிறக்கினால் என்ன ஆகும்? அடிகோலின் ஒரு முனை இறங்குகிறது. கோட்டின் சாய்வு மாறுகிறது. ஆகவே பிளேடின் நீட்சியும், தோலோடு பிளேடு செய்யும் கோணமும் மாறுகின்றன. ஒன்றை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. ஒன்பது எண்களிலும் மூன்றும் ஒத்து நடக்க வேண்டுமானால், மூடியின் வளைவையும் காப்பின் வடிவத்தையும் வரைபவர் முதலிலேயே எல்லா நிலைகளுக்கும் கணக்கிட்டாக வேண்டும். நடு எண்களில் இனிமையாக மழித்து, எட்டிலும் ஒன்பதிலும் கரடுமுரடாகிவிடும் கருவிகள் இந்தக் கணக்கில் பிசகியவை.

நகர்த்துவது எளிது

எண் வைத்த கருவிகளுள் பெயர் பெற்றது 1958இல் ஜில்லெட் நிறுவனம் வெளியிட்ட '195 அட்ஜஸ்டபிள்'. ஒரு டாலர் 95 காசுக்கு விற்றதால் அப்பெயர். பின்னாளில் பழம்பொருள் சேர்ப்போர் அதன் பருத்த கைப்பிடியைக் கண்டு 'ஃபேட் பாய்' என்று செல்லப்பெயர் இட்டனர். பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசிய இக்கருவியின் கைப்பிடி அடியிலுள்ள திருகைச் சுழற்றினால், தலைப்பகுதி இரு கதவுகளாகத் திறக்கும். பிளேடை வைத்து மூடலாம். கழுத்திலுள்ள வட்டைத் திருப்பினால் ஒன்று முதல் ஒன்பது வரை 'டிக் டிக்' என்ற ஒலியோடு நிலைகள் மாறும். ஒவ்வொரு கருவியிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். இ-3 என்றால் 1959ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. அடுத்து 1960களில் இதைவிட மெலிந்த 'ஸ்லிம்' வந்தது.

ஒரே கைப்பிடிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். கதவைத் திறந்து மூடும் தண்டு நடுவே ஓடுகிறது. இடைவெளியை மாற்றும் அமைப்பு அதைச் சுற்றி அமைகிறது. ஒன்றின் இறுக்கம் மற்றொன்றைப் பாதிக்கக்கூடாது. ஆனால் பாதிக்கத்தான் செய்கிறது. கதவுகள் முழுதும் இறுகியிருக்கும்போது வட்டைத் திருப்பினால் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கித் தேயும். அதனால்தான் எண்ணை மாற்றுமுன் அடித்திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். இதை அறியாமல் முறுக்கிக் கெட்ட கருவிகள் எத்தனையோ!

ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து மெர்க்கூர் கருவிகளில் வழி வேறு. அவர்களது 'புரோகிரஸ்' என்னும் கருவியில் கதவு கிடையாது. மூடியின் தண்டு கைப்பிடிக்குள் இறங்கி அடியிலுள்ள குமிழின் மரையில் ஏறிக்கொள்கிறது. குமிழை முறுக்கினால் மூடி இறங்கும், தளர்த்தினால் ஏறும். இப்படி விட்டால் ஜில்லெட்டின் முதற்கருவியின் குறைதான் மீண்டும் வரும். ஆதலால் பிளேடைக் கீழிருந்து மூடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்க ஒரு வில்லமைப்பு வைத்திருக்கிறார்கள். மூடி ஏறும்போது பிளேடும் அதை ஒட்டியே ஏறுகிறது. உறுப்புகள் குறைவு, கழுவுவது எளிது. ஆனால் மூடியை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் நுழைந்துவிடுமே! மரை எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து எண்ணும் மாறிவிடும். ஆகவே மூடியில் ஒரு கோடும் கழுத்தில் ஒரு கோடும் கீறி, இரண்டையும் நேராக வைத்துச் செருகும்படி செய்திருக்கிறார்கள். செய்யுமிடத்தில் ஒவ்வொரு மூடியிலும் மரை சரியாக அதே இடத்தில் தொடங்குமாறு வெட்டவேண்டும் என்பது இதன் உட்பொருள். சாதாரணத் திருகாணி செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

மரையின் கணக்கு ஆசிரியர்களுக்குச் சுவை தரும். ஒரு முழுச்சுற்றுக்குத் திருகு எவ்வளவு முன்னேறுகிறதோ அதுவே புரியிடைத் தூரம். எடுத்துக்காட்டாக, ஒன்றாம் எண்ணிலிருந்து ஒன்பதாம் எண்ணுக்கு இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரைச் சுற்றில் அதை முடிக்க விரும்பினால் புரியிடைத் தூரம் ஒரு மில்லிமீட்டர். முழுச் சுற்றில் முடிக்க விரும்பினால் அரை மில்லிமீட்டர். முன்னதில் மரை பருமனாக, உறுதியாக இருக்கும். ஆனால் விரல் சற்றுப் பிசகினாலும் இடைவெளி துள்ளும். பின்னதில் மாற்றம் மெல்ல நிகழும். ஆனால் மரை ஆழமற்றது. சோப்பும் சுண்ணாம்புப் படிவும் ஏறினால் சிக்கிக்கொள்ளும். மெதுவான உலோகமாயின் வழுக்கியே போகும். வலிமைக்கும் நுண்மைக்கும் இடையே எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று வரைபவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பிழையோடு பிழை சேரும்போது

மேற்சொன்ன கணக்கையே தொடர்வோம். ஒன்பது எண்களுக்கு இடையே எட்டுப் படிகள். அரை மில்லிமீட்டரை எட்டால் வகுத்தால் ஒரு படிக்கு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். பிளேடின் கனமே 0.1 மில்லிமீட்டர் என்றோம். ஒரு படி அதைவிடச் சிறியது! தலைமயிர் ஒன்றின் தடிப்பும் ஏறத்தாழ இந்த அளவே. மயிரிழை என்று நாம் வாய்ப்பேச்சில் சொல்வதை இங்கே உண்மையாகவே ஒருவர் உலோகத்தில் வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த உறுப்பும் வரைபடத்தில் உள்ளபடியே அச்சாக வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லை விட்டுத்தான் செய்கிறார்கள். மூடி, பிளேடு, அடித்தட்டு, எண் வட்டு, தண்டு என ஐந்து உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து இடைவெளியை உண்டாக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிமீட்டர் பிழைக்கு இடம் கொடுத்தால், எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும் கெட்ட வேளையில் மொத்தப் பிழை 0.15 மில்லிமீட்டர். இரண்டு படிகளுக்கும் மேல்! எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்வது அரிது. ஒன்று கூடினால் ஒன்று குறையும். அவ்வாறு சராசரியாகப் பார்த்தாலும் ஒரு படி அளவுக்குப் பிழை எஞ்சும். உங்கள் கருவியின் மூன்று என் கருவியின் நான்காக இருக்கலாம். உறுப்புகள் கூடக்கூட இந்தக் கூட்டலும் கூடும். மூன்றே துண்டுகளால் ஆன சாதாரணக் கருவிக்கும் எண் வைத்த கருவிக்கும் விலையில் அவ்வளவு வேறுபாடு இருப்பதன் காரணம் இதில் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது.

இதைவிடத் தொல்லையானது இருபுறச் சமன். பிளேடுக்கு இரண்டு விளிம்புகள். தண்டு நூலளவு சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் இடைவெளி கூடும், மறுபக்கம் குறையும். பிளேடின் நடுத்துளையும் அதில் நுழையும் முனைகளும் ஒன்றோடொன்று உரசாமல் நுழைய வேண்டுமாதலால் சிறிது தளர்வு விட்டே செய்கிறார்கள். அந்தத் தளர்வில் பிளேடு ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். பிளேடுகளும் எல்லா நிறுவனத்திலும் ஒரே அகலம் அல்ல. அசையாத கருவியில் இந்தக் கோணலை ஒருமுறை சரிசெய்தால் போதும். அசையும் கருவியில் ஒன்பது நிலைகளிலும் இரு பக்கமும் இணையாகவே ஏறி இணையாகவே இறங்க வேண்டும். நகர்த்துவது எளிது, மற்றவை நகராமல் ஒன்றை மட்டும் நகர்த்துவதுதான் அரிது.

இன்னொரு நுட்பம். சிறுவயதில் லயத்து வீட்டில் அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றி இறக்கியவர்களுக்கு நினைவிருக்கும்: ஏற்றிக்கொண்டிருந்த திருகை இறக்கும் பக்கம் திருப்பினால் முதலில் சற்று நேரம் திரி அசையாது, திருகு மட்டும் சுழலும். ஒன்றோடொன்று இணையும் உறுப்புகளுக்கு இடையேயுள்ள தளர்வே காரணம். சவரக் கருவியிலும் இது உண்டு. வலுவான சுருள்வில் ஒன்று மரையை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் இந்தத் தளர்வு தெரியாது. வில் தளர்ந்தாலோ, விலை குறைக்க வேண்டி மெலிந்த வில்லைப் போட்டாலோ, இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தால் ஓர் இடைவெளி, நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தால் வேறோர் இடைவெளி.

உலோகத்தின் குணம்

பழைய ஜில்லெட் கருவிகள் பித்தளை. பித்தளை அடிக்கவும் வெட்டவும் கடையவும் இணங்கும். மரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே செய்து சேர்க்க ஆள்கூலி ஆகும். இன்று மலிவாகக் கிடைப்பவற்றிற் பெரும்பாலானவை துத்தநாகக் கலவை. அது ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சினால் நொடிப்பொழுதில் நுண்ணிய உருவத்தோடு உறுப்பு வெளியே வரும். ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். குறைகள் உள்ளே ஒளிந்திருக்கும். ஆறும்போது சுருங்கும், உள்ளே காற்றுக்குமிழ் தங்கும், அச்சின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாவிட்டால் நடுவே ஒரு படி விழும்.

நான் முன்பு வாங்கிய ஒரு கருவி, அதன் பெயர் வேண்டாம், கை நழுவித் தொட்டியில் விழுந்ததும் மூடியின் தண்டு மரையோடு முறிந்துவிட்டது. முறிந்த வாயைப் பார்த்தேன். வெளியே கண்ணாடிபோல் மின்னிய முலாம். உள்ளே சாம்பல் நிறத்தில் கற்கண்டு உடைந்தாற்போல் பொருக்கு. முலாம் கிழிந்து நீர் உட்புகுந்தால் இந்தக் கலவை அரித்துப் போகும். சவரக் கருவியோ நாள்தோறும் வெந்நீரிலும் சோப்பிலும் முழுகுவது.

முலாமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். மின்சாரத்தால் முலாம் பூசும்போது அது எங்கும் ஒரே கனமாகப் படிவதில்லை. முனைகளிலும் விளிம்புகளிலும் கூடுதலாகப் படியும். பள்ளங்களில் குறைவாகப் படியும். நமக்கு முக்கியமான இடங்களோ காப்பின் விளிம்பும் மரையின் முனையும்தான்! ஆகையால் முலாம் ஏறப்போகும் கனத்தையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டு உறுப்பைச் செய்ய வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகில் செய்தால் முலாமே வேண்டாம். ஆனால் அது வெட்டுவதற்குக் கடினம். வெட்டும் உளி விரைவில் தேயும். தேய்ந்த உளி அளவைத் தவறவிடும். எஃகுத் தூளைப் பிசினோடு குழைத்து அச்சில் அழுத்தி, பின் சூளையில் சுட்டெடுக்கும் முறையும் இருக்கிறது. சுடும்போது அது நீளத்தில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை சுருங்கிவிடும். அவ்வளவு சுருங்கியபின் மயிரிழை அளவில் சரியாக நிற்க வேண்டுமென்றால், குயவர் சூளையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

1971இல் ஜில்லெட் நிறுவனமே 'டிராக் டூ' என்னும் இரட்டை பிளேடுத் தலையைக் கொண்டுவந்தது. கோணமும் இடைவெளியும் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டு, தலையோடு சேர்த்து எறியும் வகை அது. எண் வட்டைத் திருப்பும் வேலை வாங்குபவனுக்கு இல்லாமற் போயிற்று. அத்தொழிற்சாலைக்கும் அந்த வட்டைச் செய்யும் தலைவலி நாளடைவில் நீங்கிற்று. நிறுவனத்துக்கு இலாபம் எதில் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் பழைய வகையை விரும்புவோர் அண்மைக் காலத்தில் மீண்டும் பெருகியிருக்கின்றனர். 2014இல் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராக்வெல் என்னும் நிறுவனம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஒரு கருவி செய்தது. அதன் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் வட்டும் இல்லை, வில்லும் இல்லை. மூன்று அடித்தட்டுகள்; ஒவ்வொன்றின் இரு பக்கங்களும் வெவ்வேறு இடைவெளிக்கு அமைந்தவை; ஆகமொத்தம் ஆறு நிலைகள். மாற்ற வேண்டுமானால் கழற்றித் தட்டைப் புரட்டிப் போடவேண்டும். அசையும் உறுப்பே இல்லாததால் தளர்வும் இல்லை. எந்த நிலையிலும் பிளேடு முழு இறுக்கத்தோடு வளைந்து நிற்கிறது. கன்னத்துக்கு ஓர் எண், தாடைக்கு ஓர் எண் என்று சவரத்தின் நடுவே மாற்ற முடியாது என்பதே குறை. அப்படி நடுவே மாற்றுபவர் எத்தனை பேர்? நான் ஏழு மாதத்தில் ஒருநாளும் மாற்றவில்லை.

மூன்று என்றால் எவ்வளவு?

இனி என் கருவிக்கு வருவோம். கூர் மழுங்கிய பழைய பிளேடு ஒன்றைப் போட்டு, எண்ணை மூன்றில் வைத்து, பீலர் கேஜைச் செருகிப் பார்த்தோம். ஒரு பக்கம் 0.60 தகடு நுழைந்தது, 0.65 நுழையவில்லை. மறுபக்கம் 0.70 நுழைந்தது. குற்றம் பிளேடினுடையதா, கருவியினுடையதா? மகன்தான் வழி சொன்னான். பிளேடைக் கழற்றி முனை மாற்றிப் போட்டு மறுபடி அளந்தோம். பிளேடின் குற்றமானால் கூடுதல் இடைவெளி பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, முன்பிருந்த பக்கத்திலேயே நின்றது. ஆக, கருவிதான் கோணல். பிறகு ஒன்பதுக்குப் போய் அங்கிருந்து மூன்றுக்கு இறங்கி வந்து அளந்தோம். சிறிய பக்கம் 0.65 ஆகியிருந்தது! வில்லின் தளர்வு.

புதிதாக வாங்குவோர்க்கு இவ்வளவு சோதனை தேவையில்லை. பிளேடைப் போட்டு, கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தலையின் முனைப்பக்கமாக வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். இரு பக்கச் சந்துகளும் ஒத்திருக்கின்றனவா, பிளேடு ஒரு பக்கம் அதிகம் நீட்டுகிறதா என்பது வெறுங்கண்ணுக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும். எண்ணை ஏற்றி இறக்கி மறுபடி பாருங்கள். எண் வைக்கும்போது எப்போதும் சிறிய எண்ணிலிருந்தே ஏறி வாருங்கள். தளர்வு இருந்தாலும் ஒரே அளவில் வந்து நிற்கும். வாரம் ஒருமுறை கழற்றி வெந்நீரில் அலசி உலர்த்துங்கள்.

அளந்து முடித்ததும் மகன், "அப்ப மூணுங்கிறது அளவே இல்லப்பா, ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது" என்றான். "அரைப் புள்ளி குறைச்சிடலாமா?" என்றும் கேட்டான். குறைக்கச் சொல்லிவிட்டேன். இப்போது கருவி வைக்கும் பெட்டியின் மூடிக்குள் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, இடப்பக்கம் 0.60 மி.மீ., வலப்பக்கம் 0.70 மி.மீ. என்று அலகோடு எழுதி வைத்திருக்கிறேன். கன்னத்துக்கு வலப்பக்கம். தாடைக்கும் தொண்டைக்கும் இடப்பக்கம்.